நிழலில் முளைத்தது

சவாரோ என்று சொல்ல வேண்டும். ஸ்பானிய எழுத்தில் நடுவே ஒரு 'கு' இருந்தாலும் நாக்கு அதைத் தொடாமல் தாண்டிவிடும். அரிசோனாவின் டூசான் நகருக்கு, மகள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் நான் 'சகுவாரோ' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "சவாரோ, அப்பிச்சி" என்று பேத்தி திருத்தினாள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓதாம் மக்கள் அதை ஹாஷன் என்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை நின்றேன். சரிவு முழுக்க ஆட்கள் நிற்பதுபோல் இருந்தது. நாற்பது அடி உயரத்தில் சில, ஆள் உயரத்தில் சில. ஒன்றுக்கு ஏழெட்டுக் கைகள், இன்னொன்றுக்குக் கையே இல்லை. வெயில் சாயச் சாய ஒவ்வொன்றின் முள்வரிசையிலும் மஞ்சள் ஒளி கோடாக ஏறியது. பறவைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அன்று குறிப்பேட்டில் எழுதியது ஒரே வரி: 'தனியாக நிற்கத் தெரிந்த மரம்.'

அந்த வரி தவறு. மூன்று மாதத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துத் திருத்தினேன். மரம் என்பதும் சரியில்லை, அது கள்ளி வகை. ஆனால் 'தனியாக' என்பதுதான் பெரிய பிழை.

*

இங்குள்ள தேசியப் பூங்காவின் ஊழியப் பெண்மணி ஒருவர் எங்களை ஒரு பாலோ வெர்தே மரத்தடிக்கு அழைத்துப் போனார். ஸ்பானிய மொழியில் 'பச்சைக் கம்பு' என்று பொருள். பட்டையே பச்சை. மழை இல்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையாலேயே பிழைக்கும். நிழல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நம் கருவேல மரத்தடியில் விழுமே, வெயிலும் நிழலும் சல்லடை போட்டதுபோல், அப்படி.

"மண்டி போட்டுப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். காய்ந்த குச்சிகள், கூழாங்கல், எறும்பு வரிசை. அவர் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் தெரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது: கட்டைவிரல் நுனி அளவில் ஒரு முள் உருண்டை. சாம்பல் கலந்த வெள்ளை முட்கள், அவற்றுக்குள் ஒளிந்த பச்சை. உயரம் ஒன்றரை அங்குலம் இருக்கும்.

அதற்கு வயது பத்து இருக்கலாம் என்றார்.

என் பேத்திக்கும் பத்து வயதுதான். அவளும் என் பக்கத்தில் மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

ஒரு சவாரோ பழத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் விதைகள். கேழ்வரகு மணி அளவில், கறுப்பாக இருக்கும். நல்ல செடி ஒன்று தன் வாழ்நாளில் கோடிக்கணக்கான விதைகளைக் கொடுக்கிறது. எறும்பும் எலியும் புறாவும் தின்றது போக, கோடையும் உறைபனியும் கொன்றது போக, அத்தனையிலிருந்தும் ஒன்றிரண்டு பெரிதானால் உண்டு. அந்த ஒன்றிரண்டும் பெரும்பாலும் பாலோ வெர்தே, மெஸ்கீட், இரும்புமரம் போன்ற ஒன்றின் காலடியில் விழுந்தவையாகத்தான் இருக்கும். பழம் தின்ற பறவை வந்து உட்காருவது அந்தக் கிளையில். எச்சத்தில் விதை இறங்குவது அந்த மண்ணில். கோடையில் மேலே ஒரு குடை, குளிர்கால இரவில் ஒரு போர்வை, எலியின் பார்வைக்கு ஒரு திரை. செவிலி மரம் என்றே இங்கே சொல்கிறார்கள். நம் பழைய இலக்கியத்தில் தலைவியை வளர்ப்பவளும் செவிலிதான். இந்தச் சொல் இங்கேயும் இருப்பது எனக்கு மனநிறைவாக இருந்தது.

சவாரோ வளர்ந்து செவிலியைத் தாண்டி வெளியே தலை நீட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அதன் வேர் மேல்மண் முழுக்கப் பரவி மழைநீரை முந்தி வாங்கத் தொடங்கிவிடும். செவிலி மரம் தளரும், பல சமயம் பட்டுப்போகும். நாம் வந்து பார்க்கும்போது பெரிய சவாரோ மட்டும் நிற்கும். குனிந்து பார்த்தால் அதன் அடியில் வெளுத்துப்போன பழைய கட்டை ஒன்று கிடக்கும். முதல் நாள் மாலை நான் குனியவில்லை.

*

எழுபது வயதில் ஆறரை அடி. முதல் கை முளைக்க ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வருடம். வறண்ட சரிவுகளில் நூறும் ஆகும். நூற்றைம்பது, இருநூறு வயது வரை இருக்கும். உள்ளே ஆண்டு வளையம் கிடையாது, ஆகவே வெட்டிப் பார்த்தும் வயது சொல்ல முடியாது. உயரத்தை வைத்துக் கணிக்கிறார்கள்.

சாலையோரத்தில் கை முளைக்கத் தொடங்கிய ஒன்றைத் தினமும் நடையில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பச்சைப் பந்து ஒட்டியதுபோல். நான் பிறப்பதற்கு முன்பே முளைத்திருக்கலாம். அதன் கை வளைந்து மேலே திரும்புவதைப் பேத்தி பார்ப்பாள்.

*

மடிப்புகள். தொலைவில் பார்த்தால் வரிக்கோலம். அருகில் போனால் ஆர்மோனியத்தின் துருத்திபோல் மடிந்த தோல். ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் முட்கொத்து.

1905-இல் எஃபி ஸ்பால்டிங் என்ற தாவரவியலாளர் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். டூசானின் டுமாமோக் குன்றில் 1903-இல் தொடங்கப்பட்ட பாலைவன ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். சவாரோவின் மடிப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். மழைக்குப் பின் மடிப்பு விரிகிறது, வறட்சியில் சுருங்குகிறது. தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் தோலிலேயே எழுதியிருக்கிறது. அசையாத ஒன்றின் முன்னால் திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறார். அவர் பெயரை இங்கே எழுதி வைக்க ஆசை. அந்தக் குன்றில் 1908-இல் எண்ணி வரைபடத்தில் குறித்த சவாரோக்களை இன்றுவரை விட்டுவிட்டு எண்ணி வருகிறார்கள். அந்தக் குன்றுக்கு இப்போது டூசான்காரர்கள் காலை நடை போகிறார்கள். நானும் போனேன்.

வேர் ஆழமாகப் போகாது. ஓர் ஆணிவேர் மட்டும் இரண்டு அடிக்கு மேல் இறங்கும். மற்றவை மேல்மண்ணில் நான்கைந்து அங்குல ஆழத்தில், செடியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சுற்றிலும் படரும். பெரிய சவாரோ ஒன்று ஒரே நல்ல மழையில் 200 காலன் வரை, நம் கணக்கில் 750 லிட்டர், உறிஞ்சிவிடும் என்று பூங்காவில் சொல்கிறார்கள். டூசானில் ஆண்டு முழுக்கப் பெய்வது பத்துப் பதினோரு அங்குலம். குளிர்காலத்தில் தூறல், ஜூலையில் இடிமழை. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாதது இங்கே பிழைக்காது.

*

மே மாதம் இரவு ஒன்பது மணி. மருமகன் வீட்டுப் பின்புறத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். சவாரோவின் கை நுனியில் பூ விரிந்துகொண்டிருந்தது. மெழுகு வெள்ளை, நடுவே மகரந்தத் தண்டுகள் அடர்ந்து மஞ்சளாக. கை அகலம் இருக்கும். பொழுது சாய்ந்தபின் விரிந்து மறுநாள் பிற்பகலில் வாடிவிடும். அதற்குக் கிடைத்திருப்பது ஓர் இரவும் முக்கால் பகலும்.

அந்த நேரத்துக்குள் வர வேண்டியவர்கள் வருகிறார்கள். நீள்மூக்கு வௌவால் மெக்சிகோவிலிருந்து வடக்கே, பூக்கும் கள்ளிகளைத் தொடர்ந்து, குட்டியைச் சுமந்துகொண்டு வரும். 1988-இல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்த வௌவால் அது. இரு நாட்டிலும் குகைகளைக் காத்து, 2018-இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விடிந்தால் வெள்ளைச் சிறகுப் புறா. பூவுக்குள் தலையை முழுக்க விட்டு, நெற்றியெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு நிமிரும். பிறகு தேனீ.

சவாரோ மூச்சு விடுவதும் இரவில்தான். பகலில் துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். ஆகவே இருட்டியபின் திறந்து, காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளும். விடிந்ததும் துளையை மூடிவிட்டு, வாங்கி வைத்ததை வெயிலில் சமைக்கும். இதற்கெல்லாம் இரவு குளிர வேண்டும்.

2023-இல் ஃபீனிக்ஸ் நகரில் ஜூன் 30-இலிருந்து தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில். அதாவது 43 செல்சியஸ். அதைவிடக் கொடுமை இரவு. பல நாள் 90-க்குக் கீழே இறங்கவேயில்லை. அங்குள்ள பாலைவனத் தாவரத் தோட்டத்தில் சவாரோக்களின் கைகள் இற்று விழுந்தன. சில முழுதாகவே சாய்ந்தன. வெயிலுக்கென்றே பிறந்த செடி வெப்பத்தில் எப்படிச் சாகும் என்று மகள் கேட்டாள். பகலைத் தாங்கியது. இரவு மூச்சு வாங்க விடவில்லை.

*

ஒரு சவாரோவில் ஏழு பொந்துகள் எண்ணினேன். ஹீலா மரங்கொத்தி கொத்தியவை. கொத்தியவுடன் குடியேறாது. உள்ளே ஈரம், குழகுழவென்று சதை. செடி தன் காயத்தைத் தானே மூடும். சுற்றிலும் பழுப்பாக, கெட்டியாக ஒரு தோல் வளர்ந்து பொந்துக்கு உட்சுவர்போல் ஆகும். அதற்குச் சில மாதங்கள். மரங்கொத்தி காத்திருக்கும். அது காலி செய்த பொந்தில் குட்டி ஆந்தை ஒன்று வரும், உலகின் மிகச் சிறிய ஆந்தை. நாற்பது கிராம் எடை, நம் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் கூட. ஒரு மாலை பொந்து வாயில் அதன் முகம் தெரிந்தது. முகத்தைவிடக் கண் பெரிதாக இருந்தது.

சவாரோ செத்தபின் சதை அழுகிப்போகும். உள்ளே கூடாக இருந்த மரக்கம்புகள் நிற்கும். காயத்தைச் சுற்றி வளர்ந்த அந்தக் கெட்டித் தோல் மட்டும் தனியே தரையில் கிடக்கும், தோல் செருப்பு மாதிரி. ஓதாம் மக்கள் அதை எடுத்துப் பொருள் வைக்கும் பாத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பூங்கா அலுவலகத்தில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உள்பக்கம் வழவழப்பு, வெளிப்பக்கம் சொரசொரப்பு. கனமே இல்லை. செடி அழிந்து, அது பட்ட காயத்தின் வடிவம் மட்டும் என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

*

ஜூன் கடைசி. மழைக்கு முந்திய நாட்கள். எல்லாம் காய்ந்து கிடக்கும்போது சவாரோவின் உச்சியில் பழம் வெடிக்கிறது. உள்ளே ரத்தச் சிவப்பு. கீழிருந்து பார்ப்பவர்கள் சிவப்புப் பூ என்றே நினைப்பார்கள்.

டொஹோனோ ஓதாம் மக்களுக்கு ஆண்டுப் பிறப்பு இந்த அறுவடையில்தான். செத்த சவாரோவின் மரக்கம்புகளை ஒட்டி நீளமான தொரட்டி கட்டுவார்கள். பட்டதன் கம்பால் உயிரோடிருப்பதன் பழத்தைத் தட்டி இறக்குவது. வெயில் ஏறுமுன் விடியலில் போவார்கள். பழத்தின் நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவே கத்தி. அதனால் தோலைக் கீறிச் சதையை எடுப்பார்கள். வெறும் தோலைத் தூக்கி எறிய மாட்டார்கள். சிவந்த உட்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி செடியின் காலடியில் வைப்பார்கள், மழை வரட்டும் என்று. சதையைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். பாகில் கொஞ்சத்தைப் புளிக்க வைத்து, ஊர் கூடிக் குடித்து, மழையை அழைப்பார்கள்.

சவாரோவை அவர்கள் ஆள் என்கிறார்கள். மனிதக் குழந்தை ஒன்று மண்ணுக்குள் இறங்கிச் சவாரோவாக எழுந்தது என்று அவர்களிடம் கதை உண்டு. 2020-இல் அமெரிக்க அரசு மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டியபோது, வழியில் நின்ற சவாரோக்களைச் சாய்த்தது. மறு ஆண்டு ஓதாம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது: சவாரோவும் சட்டத்தின் முன் ஓர் ஆள். இதைப் படித்தபோது முதல் நாள் மாலை 'ஆட்கள் நிற்பதுபோல்' என்று எனக்குத் தோன்றியது நினைவுக்கு வந்தது. எனக்கு அது உவமை. அவர்களுக்கு உறவு.

*

1933 மார்ச்சில் டூசானுக்குக் கிழக்கே இருந்த அடர்ந்த சவாரோக் காட்டைக் காப்பிடமாக அறிவித்தார்கள். பத்து வருடம்கூட ஆகவில்லை, பெரியவை அழுகி விழத் தொடங்கின. பாக்டீரியா நோய் என்று முடிவு கட்டி, 1941-இல் நூற்றுக்கணக்கானவற்றை வெட்டிப் புதைத்தார்கள். நிற்கவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் காடே இருக்காது என்று எழுதியவர்கள் உண்டு.

உண்மைக் காரணம் பின்னால் தெரிந்தது. அழுகல் கடைசியில் வந்தது. முதலில் கொன்றது உறைபனி, அதிலும் வயதானவற்றை. வயதானவை சாவது புதிதில்லை. அவற்றுக்குப் பின்னால் இளையவை ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகென்று பாலோ வெர்தேயையும் மெஸ்கீட்டையும் பல வருடங்களுக்கு முன்பே வெட்டிவிட்டிருந்தார்கள். மிச்சத்தை மாடு மிதித்தது. சவாரோவை யாரும் தொடவில்லை, அதன் நிழலை எடுத்துவிட்டார்கள். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரிய ஐம்பது வருடம் ஆனது.

மேய்ச்சலை நிறுத்தினார்கள். புதர்கள் திரும்பி வந்தன, அவற்றின் அடியில் முள் உருண்டைகளும் வந்தன. 1994-இல் அது தேசியப் பூங்காவானது. இப்போது அங்கே நின்றால் கை முளைக்காத இளஞ்செடிகள் நிறையத் தெரியும். ஆனால் 1990-களுக்குப் பின் நீண்ட வறட்சி. அதற்குப் பிறகு முளைத்தவை மிகக் குறைவு.

*

ஜூலையில் முதல் மழைக்கு முந்தின காற்றிலேயே கிரியோசோட் புதரின் வாசம் வந்தது. இங்கே மழைக்கு அதுதான் வாசம். மறுநாள் காலை மலைச்சரிவில் நடந்தபோது ஒரு புல்லைப் பார்த்து நின்றுவிட்டேன். மனம் பெயரைத் தேடுமுன் கை அடையாளம் கண்டுகொண்டது. நரிவால்போல் மெத்தென்ற கதிர், கருஞ்சிவப்பும் பழுப்புமாக. கொழுக்கட்டைப் புல்.

காங்கேயத்துப் பக்கம் என் அப்பிச்சியின் கொறங்காட்டில் நான் புரண்ட புல். சுற்றிலும் கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் இந்தப் புல். மழை பெய்து பத்து நாளில் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிடுவார். காங்கேயம் மாட்டின் உடம்பில் இந்தப் புல்லும் இருக்கிறது என்பார். அவர் சொன்னதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

இங்கே அதற்கு பஃபல் புல் என்று பெயர். 1930-களில் மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கொண்டுவந்து விதைத்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை அதற்குச் சொந்த நிலம். சொந்த நிலத்தில் அதைத் தின்று அளவில் வைக்க ஆட்கள் உண்டு. இந்தச் சரிவில் யாரும் இல்லை. சோனோரா பாலைவனத்தில் ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும். தீப்பொறி விழுந்தாலும் அடுத்த செடிக்குப் போக வழியிருக்காது. அந்த வெறும் மண்தான் இந்தக் காட்டுக்கு வேலி. கொழுக்கட்டைப் புல் அதை நிரப்பிவிடுகிறது. காய்ந்தபின் கொளுந்துவிட்டு எரியும், எரிந்த தூரிலிருந்தே மறுபடி துளிர்க்கும். சவாரோவுக்குத் தீ தெரியாது. பல லட்சம் ஆண்டுகளில் அது தீயைப் பழகவே இல்லை. வெந்துபோன சவாரோ உடனே விழுவதும் இல்லை. சில வருடங்கள் பச்சையாகவே நின்று, பிறகு சாய்கிறது. பாலோ வெர்தேயும் கருகிவிடும். மறுபடியும் நிழல் போகிறது.

2005-இல் அரிசோனா அரசு இதைத் தீங்கான களை என்று அறிவித்தது. குளிர்காலத்திலும் மழைக்குப் பிறகும் ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு மலையேறித் தூரோடு பெயர்க்கிறார்கள். அன்று சரிவில் அப்படி ஒரு முதியவர் இருந்தார். புல்லைக் கையில் பிடித்து நின்ற என்னைப் பார்த்து, "இதைத் தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் புல் என்றேன். "அங்கே இதை யார் தின்பார்கள்?" என்றார். மாடு என்றேன். தலையாட்டிவிட்டு இன்னொரு கடப்பாரையை எடுத்து நீட்டினார்.

மண் ஈரமாக இருந்தது. முதல் தூரில் கடப்பாரையை இறக்கும்போது கை தயங்கியது. அப்பிச்சி இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். மாட்டை எங்கே கட்ட வேண்டும், எங்கே கட்டக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இடம் தப்பிய புல்லையும் அவர் புரிந்துகொண்டிருப்பார். பதினோரு மணிக்குள் பதினேழு தூர் பெயர்த்தேன். கதிர் உதிராமல் சாக்கில் கட்டிக் கீழே இறக்கினோம்.

டூசான் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர். போனால் சவாரோ பார்க்காமல் வர மாட்டீர்கள். நாற்பது அடிச் செடியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கப் பின்வாங்கி நடக்கும்போது மட்டும் காலடியைப் பார்த்து வையுங்கள், அதிலும் பாலோ வெர்தே மரத்தின் கீழே. அங்கே கட்டைவிரல் அளவில் ஒன்று இருக்கலாம். ஒரு செருப்பின் மிதியில் அதன் பத்து வருடம் போய்விடும்.